"அப்ப ஸ்பீக்கர் எங்க மாமா?"

போன மாசம் ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்ல நடந்தது. அக்கான்ர மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையள் மூண்டு பேரும் வந்திருந்தவை, எல்லாம் எட்டுல இருந்து பதினொரு வயசுக்குள்ள. புனேக்குக் கிட்ட இருக்கிற ராட்சத ரேடியோ தொலைநோக்கியின்ர படத்தைப் ஃபோன்ல காட்டி, "இது வானத்துச் சத்தத்தைக் கேக்கிற பெரிய காது" எண்டு சொல்லிப்போட்டன். மருமகள் உடன கேட்டாள், "அப்ப ஸ்பீக்கர் எங்க மாமா?"

அவள் கேட்டது சரி, நான் சொன்னதுதான் பிழை. விண்வெளியில காத்து இல்லை, சத்தம் எப்பிடி வரும்? ரேடியோ அலை எண்டது சத்தமே இல்லை, அதுவும் வெளிச்சம்தான், எங்கட கண்ணுக்குத் தெரியாத நீளமான வெளிச்சம். பிள்ளையளுக்கு "காது" எண்டு சொல்லித் தொடங்கினால் பிறகு திருத்துறது சரியான கஷ்டம், தயவுசெய்து "கண்" எண்டே சொல்லுங்கோ.

நீளம் எண்டால் எவ்வளவு? ஒரு ஏ4 தாளை எடுத்து அகலத்தை அளக்கச் சொன்னன். 21 சென்ரிமீட்டர். வானத்தில இருக்கிற ஹைட்ரஜன் வாயு விடுற அலையும் அதே 21 சென்ரிமீட்டர்தான். நாலு பேரும் தாளைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்கள், அதுக்குப் பிறகு நான் பெருசா ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவைப்படேல்ல.

ஒருத்தன் படத்தில இருந்த தொலைநோக்கியின்ர தட்டைக் காட்டிக் கேட்டான், "அங்கிள், அந்தத் தட்டு முழுக்க ஓட்டையா இருக்கே, எல்லாம் ஒழுகிப் போகாதா?" உண்மைதான், அது கம்பி வலை, ஓட்டை ஒண்டு ரெண்டு சென்ரிமீட்டர் வரும். குசினியில இருந்து அரிதட்டைக் கொண்டுவந்து தாளை அதுக்குள்ளால விடச் சொன்னன், போகேல்ல. அலை தாள் மாதிரி இல்லைதான், ஆனா ஓட்டை அலையின்ர நீளத்தைவிட நல்லாச் சின்னனா இருந்தால் அது திரும்பித் தெறிக்கும். மைக்ரோவேவ் கதவில இருக்கிற வலையும் இதே வேலைதான், உள்ள 12 சென்ரிமீட்டர் அலை வெளிய வராது, வெளிச்சம் வரும், அதாலதான் சாப்பாடு சுத்துறது தெரியுது.

பிறகு தட்டின்ர அளவு. ஒரு தட்டு 45 மீட்டர் அகலம், எங்கட ஏழு மாடி ஃப்ளாட்டைப்போல ரெண்டை ஒண்டுக்கு மேல ஒண்டா வச்ச மாதிரி. அப்பிடி 30 தட்டு, கிட்டத்தட்ட 25 கிலோமீட்டருக்குப் பரவி, அதாவது கோட்டையில இருந்து பாணந்துறைப் பக்கம் போற தூரம். எல்லாத்திலயிருந்தும் வாறதைக் கம்ப்யூட்டர் சேர்த்தால் 25 கிலோமீட்டர் அகலமான ஒரே கண் மாதிரி நுணுக்கமாத் தெரியும். ஆனா பிடிபடுற வெளிச்சம் 30 தட்டுக்குரியதுதான், இதையும் சொல்லாட்டி பிள்ளையள் பிழையா விளங்கிக்கொள்ளுங்கள்.

அப்பான்ர பழைய ரேடியோவை ஏஎம்ல போட்டு ஃபோன் சார்ஜருக்குக் கிட்டக் கொண்டுபோனன், கர்ர்ர் எண்டு இரைஞ்சுது, சார்ஜர் விடுற ரேடியோ அலையைத்தான் அது பிடிச்சது. அந்தத் தொலைநோக்கிக்குக் கிட்ட ஃபோன் பாவிக்க விடமாட்டினம் எண்டது ஏன் எண்டு அப்பத்தான் அவையளுக்குப் பிடிபட்டுது. ஆஸ்திரேலியாவில பார்க்ஸ் தொலைநோக்கியில கனகாலமா ஒரு விசித்திரமான சிக்னல் வந்து, 2015லதான் கண்டுபிடிச்சவை, அங்க இருந்த மைக்ரோவேவ் நிக்கமுதல் யாரோ அதின்ர கதவைத் திறந்ததால வந்ததெண்டு. நாலும் ஒரேயடியா எங்கட குசினியைத் திரும்பிப் பாத்துதுகள்.

பின்னேரம் மருமகள் பால்கனியில டிவி டிஷ்ஷுக்குப் பக்கத்தில தாளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். "மாமா, இதுக்கு வாற அலையும் இவ்வளவு நீளமா?" இல்லை, அது ரெண்டரைச் சென்ரிமீட்டர் அளவுதான் எண்டன். கொஞ்ச நேரம் தாளையும் டிஷ்ஷையும் மாறி மாறிப் பாத்திட்டுச் சொன்னாள், "அப்ப தாள் அளவு அலைக்கு இந்த டிஷ் காணாது, என்ன மாமா?"