ஒன்பதாவது திரும்பப் படிக்கிறவன் குறுவட்டப் போட்டியில் (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடப்பது) ஆடலாமா?

கோபி அப்பா:
வணக்கமுங்க. பையன் ஒன்பதாவதில் கணக்கும் அறிவியலும் போய், இந்த வருசம் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். வாலிபாலில் நல்ல செட்டர், அடிக்கிறவனுக்குப் பந்தை ஏற்றிக் கொடுப்பவன். இப்போது கூட ஆடுகிற பையனின் அப்பா ஒருத்தர், ஃபெயிலானவன் இறங்கினால் எதிர் டீம் புரோட்டஸ்ட் போட்டு மொத்த டீமையும் தூக்கிவிடும் என்று கிளப்பிவிட, பி.இ.டி. சாரும் “பார்க்கலாங்க” என்கிறார். 2011 மார்ச்சில் பிறந்தவன். சாயங்காலமானால் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கிறான், பேச்சே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பெருந்துறைக்காரன்:
தாராளமாக ஆடலாமுங்க. 14, 17, 19 என்று பிரிப்பது வயசை வைத்துத்தான், வகுப்பை வைத்து இல்லை. டிசம்பர் 31 அன்று 17 முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. உங்கள் பையனுக்கு 2027 டிசம்பரிலும் 16தான், அப்புறம் 19க்குள் பிரிவு இருக்கிறது. பன்னிரண்டாவது முடிக்கும் வரை வயசு இடிக்காது. அந்த அப்பா பையனும் செட்டரா என்று விசாரியுங்க :)

சத்தி அக்கா:
அப்படியென்றால் வேண்டுமென்றே ஒரு வருசம் நிறுத்தி வைத்து, சின்னப் பசங்களோடு ஆட விடலாமே?

பெருந்துறைக்காரன்:
முடியாதுங்க அக்கா. எந்த வகுப்பில் நிறுத்தினாலும் பிறந்த தேதி நகராதே. அதோடு நம்ம ஊரில் எட்டாவது வரைக்கும் ஃபெயிலே போடுவதில்லை.

டல்லாஸ் தம்பி:
இங்கே டெக்சாஸில்தான் வகுப்பு உதைக்கும். ஒன்பதாவதில் முதலில் சேர்ந்ததிலிருந்து நாலு வருசம்தான் பள்ளி டீமில் ஆட முடியும், நடுவில் ஃபெயிலானால் அந்த வருசம் போனது போனதுதான். பாடத்தில் 70க்குக் கீழே எடுத்தாலும் கொஞ்ச நாள் உட்கார வைப்பார்கள், 1984லிருந்து அப்படித்தான். யாரோ இதைக் கேட்டுவிட்டு அங்கே குழப்பியிருக்கலாம்.

பவானி ஆத்தோரம்:
விதியை விடுங்க அண்ணா, பேப்பரைப் பாருங்க. என் மகளைக் கபடிக்குக் கூட்டிப்போனபோது மைதானத்து மேசையில் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிப் பதிவில் ஒரு தேதி என்று நிறுத்திவிட்டார்கள். போட்டோ மேல் பாதி விழுகிற மாதிரி எச்.எம். சீல் இருந்தும் பிரயோசனமில்லை. பிள்ளை ஷூவைக் கழற்றாமலே பஸ் ஏறினாள். ஆதார், எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு), பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. எமிஸில் இன்னும் பத்தாவது என்று ஏற்றி வைத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்க.

கோபி அப்பா:
ரொம்ப நன்றிங்க. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தேதியெல்லாம் சரி, ஆதாரில் மட்டும் இனிஷியல் வேற. காலையில் முதல் வேலையாக ஈ-சேவை மையம் போகிறேன். பையனிடம் சொன்னேன், பந்தோடு மறுபடியும் வெளியே ஓடிட்டான்.