ரெண்டாவது திரை கருப்பு: குற்றம் டாக்கிலா, லினக்ஸிலா?

இருதிரை:
லினக்ஸ் ஓடுற லேப்டாப்பை டாக்கில் (ஒரே கேபிள்ல மானிட்டர், யூஎஸ்பி எல்லாத்தையும் இணைக்குற பெட்டி) சொருகினா ஒரு மானிட்டர் பளிச்சுனு வருது, இன்னொன்னு கருப்பு. ரெண்டுமே 2560×1440, 60 ஹெர்ட்ஸ். டாக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரே ஒரு டைப்-சி கேபிள். திரைகளை அமைக்குற லினக்ஸ் கட்டளை எக்ஸ்ரேண்டர் ரெண்டையும் ‘கனெக்டட்’னுதான் காட்டுது. ஆனா இப்போ ஓடுற ரெசல்யூஷனைக் காட்டுற நட்சத்திரக்குறி, ரெண்டாவதுக்கு எது பக்கத்திலயும் இல்ல. கையால ஆன் பண்ணினா ‘கன்ஃபிகர் சிஆர்டிசி 1 ஃபெயில்ட்’. அதே டாக், விண்டோஸ்ல பூட் பண்ணினா ரெண்டு திரையும் எரியுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? லினக்ஸ்தான் குற்றவாளி.

முனையவாசி:
அவசரப்படாதீங்க. சிஆர்டிசின்னா ஒரு திரைக்குப் படம் தள்ளுற கிராஃபிக்ஸ் பகுதி. ‘கனெக்டட்’னு வந்தா கேபிளும் மானிட்டரும் பெரும்பாலும் சரிதான். இடிப்பது டேட்டா போற குழாயின் அகலம். டைப்-சியில் நாலு லேன், அதாவது டேட்டா ஓடும் நாலு தடம். பல டாக்குகள் ரெண்டை யூஎஸ்பி 3க்குக் கொடுத்துவிட்டு மீதி ரெண்டில்தான் படம் அனுப்பும். உங்களுடையது பழைய ஹெச்பிஆர்2 (டிஸ்ப்ளேபோர்ட்டின் ஒரு வேக நிலை) டாக் என்றால் லேனுக்கு நொடிக்கு 5.4 ஜிகாபிட், டேட்டாவைக் குறியீடாக்கும் என்கோடிங் தின்றது போக ரெண்டு லேனில் மிஞ்சுவது 8.64. உங்கள் ஒரு திரைக்கே ஏறக்குறைய 5.8 வேணும். ரெண்டுக்கு 11.6. எங்கே போய் நுழையும்?

இருதிரை:
அப்போ விண்டோஸ்ல மட்டும் எப்படி நுழையுது? அங்க என்ன, குழாய் வீங்குதா?

முனையவாசி:
அங்கே ரெண்டாவது திரையின் ரெசல்யூஷன் என்னன்னு பார்த்தீங்களா?

புதினாப்பிரியன்:
நடுவில் வர்றேன். லினக்ஸ்ல திரையில் படம் வரையுற புது முறை வேலண்ட், அதுக்கு மாறுங்க, எல்லாம் சரியாகிடும்.

முனையவாசி:
ஆகாது. ஒரு திரைக்கு 100, இன்னொன்னுக்கு 150 சதவீதம்னு தனித்தனி ஸ்கேலிங் (எழுத்து, படத்தின் பெரிதாக்கல்) வேணும்னா வேலண்ட் நல்ல பதில். குழாயை அது அகலப்படுத்தாது.

புதினாப்பிரியன்:
அப்போ படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவாவே அனுப்புற டாக் வாங்கட்டும். லேன் கணக்கே வேண்டாம்.

முனையவாசி:
அதில் நான் சூடுபட்டவன். அந்த வகை டாக்குக்குத் தனி டிரைவர் வேணும், கூடவே ஒரு கர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோட சேரும் துணை நிரல். கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அதை மறுபடி பில்ட் பண்ணணும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் போட்டிருந்தா, அதுக்கு டிஜிட்டல் கையொப்பமும் இடணும். ஒருநாள் ராத்திரி அப்டேட் ஓடியது. காலையில் மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ரெண்டு திரையும் இருட்டு. 14 அங்குலத் திரையில் ஸ்ப்ரெட்ஷீட்டை இழுத்து இழுத்துக் காட்டினேன். போதும் சாமி.

இருதிரை:
விண்டோஸ்ல பார்த்துட்டேன். ரெண்டாவது திரை 1600×900ல ஓடுது. எழுத்து மங்கலா இருக்கேன்னு நினைச்சதுண்டு, மானிட்டர் பழசுன்னு விட்டுட்டேன். சரி, கணக்குல தோத்துட்டேன். ஆனா வழக்குல தோக்கலை. அங்க தானா குறைச்சாவது ஒரு படம் காட்டினான். இங்க என்ன கிடைச்சுது? கருப்புத் திரையும் ‘சிஆர்டிசி 1’ங்கற மந்திரமும். ‘ரெண்டு திரைக்கும் இடம் பத்தல, ரெசல்யூஷனைக் குறை’ன்னு ஒரு வரி சொன்னா வாய் வலிக்குமா?

முனையவாசி:
அதில் மறுபேச்சு இல்லை. அந்தப் பிழைச்செய்தி எழுதினவருக்கே எழுதின கடிதம் மாதிரிதான் இருக்கும். ஆனா விண்டோஸ் சொல்லாம கொள்ளாம 1600×900க்கு இறக்கி, மானிட்டர் மேல சந்தேகப்பட வெச்சதும் நேர்மையில்ல.

புதினாப்பிரியன்:
சரி, இப்போ ரெண்டாவது திரைக்கு என்னதான் வழி?

முனையவாசி:
சில டாக்குகளில் நாலு லேனையும் படத்துக்கே கொடுக்கும் அமைப்பு உண்டு. 17.28 ஜிகாபிட் கிடைக்கும், ரெண்டு திரையும் தாராளமா ஓடும். விலை என்னன்னா, டாக்கின் யூஎஸ்பி போர்ட்டுகள் யூஎஸ்பி 2 வேகத்துக்கு, 480 மெகாபிட்டுக்கு, இறங்கிடும். மவுசுக்கும் கீபோர்டுக்கும் அது ஏராளம். வெளி ஹார்ட் டிஸ்குக்கு அழுகை வரும். இல்லைன்னா லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ இருக்கா? இருந்தா ஒரு மானிட்டரை டாக்கிலிருந்து பிடுங்கி அதில் சொருகுங்க.

இருதிரை:
சொருகினேன். ரெண்டுமே 2560×1440, ரெண்டு இடத்திலயும் நட்சத்திரம். ஒரே கேபிளைப் பிடுங்கிட்டுக் கிளம்பலாம்னுதானேய்யா டாக்கே வாங்கினேன்!

முனையவாசி:
இனி ரெண்டு கேபிள். அதுக்கும் லினக்ஸ் மேலதான் வழக்கா?

இருதிரை:
யோசிச்சுச் சொல்றேன்.