ஃப்ரீஸ்டைல்ல கால் கீழ போகுது: ஆத்துல நீச்சல் கத்துக்கிட்டவனுக்கு உதவி வேணும்

குடமுருட்டி
வணக்கம். வயசு 41. சொந்த ஊரு திருவையாறு பக்கம். ஏழு வயசுல குடமுருட்டியில வாழைத்தண்டைப் பிடிச்சு நீச்சல் கத்துக்கிட்டேன். தண்ணி நிறைஞ்சு ஓடும்போதே அக்கரை போய்த் திரும்பியிருக்கேன். இப்ப தஞ்சாவூர்ல 25 மீட்டர் நீச்சல் குளத்துல மூணு மாசமா ஃப்ரீஸ்டைல் பழகுறேன். ஒரு நீளம் முடியறதுக்குள்ள மூச்சு முட்டுது. மக வீடியோ எடுத்துக் காட்டினா. தோள் மேல இருக்கு, இடுப்பும் காலும் ரொம்பக் கீழ தொங்குது. பலமா உதைச்சுப் பார்த்தேன், தொடைதான் எரியுது.

கரந்தை
நீந்தும்போது எங்க பாக்குறீங்க? கால் இடுக்குல மிதவை வச்சா எப்படி இருக்கு?

குடமுருட்டி
எதிர்ச்சுவரைத்தான் பாக்குறேன், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். மிதவை வச்சா ரெண்டு நீளம் நிக்காம போறேன்.

மன்னை
அப்படின்னா உங்களுக்குத் தெம்பு குறையலண்ணே. உடம்பு தண்ணியில சமமாப் படுக்கல, அவ்வளவுதான்.

ஆத்துல தலையைத் தூக்கி நீந்தறது தப்பே இல்ல. ஆகாயத்தாமரை வருதா, சுழல் இருக்கா, எந்தப் படித்துறையில ஏறணும்னு பாத்துத்தானே ஆகணும்? ஓட்டமும் கூடவே இழுத்துக்கிட்டுப் போயிடும், உடம்பு சாய்ஞ்சிருக்கறதே தெரியாது. குளத்துல தண்ணி நிக்குது. காத்தைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி அதுக்கு. சாய்ஞ்ச உடம்போட போனா அத்தனையையும் நெஞ்சும் தொடையும் முட்டித் தள்ளணும்.

நுரையீரல்ல காத்து இருக்கறதால நெஞ்சு மிதக்கும். உடம்போட எடை மையம் அதுக்குக் கீழ, இடுப்புப் பக்கம். அதனால கால் தானாவே இறங்கும். தலையைத் தூக்கினா இன்னும் இறங்கும். இதை நீங்களே பாக்கலாம்: குப்புற மிதந்து கையைத் தொடையோட ஒட்டி வைங்க, கால் இறங்கும். அப்புறம் ரெண்டு கையையும் தலைக்கு முன்னால நீட்டுங்க. எடை முன்னுக்குப் போய் கால் மேல வரும்.

ஒரு வாரம் நீளக்கணக்கை விடுங்க. சுவரைத் தள்ளிட்டு, கையை நீட்டி, அடியில இருக்கற கோட்டைப் பாத்துக்கிட்டே வழுக்கிப் போங்க. கழுத்து தளர்வா இருக்கணும். அப்புறம் ஒரு கையை நீட்டிப் பக்கவாட்டுல படுத்து, ஆறு உதை, கை மாத்தி அந்தப் பக்கம் ஆறு உதை.

மூச்சு எடுக்கையிலதான் பலருக்கும் தலை தூக்கும். உடம்பு உருளும்போது அதோட சேர்ந்து முகத்தைத் திருப்புங்க, நீச்சல் கண்ணாடியில ஒரு பக்கம் தண்ணியிலயே இருக்கட்டும். தலை போற வேகத்துல வாய்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழும், அந்த இடத்துல மூச்சு கிடைக்கும். முகம் தண்ணிக்குள்ள இருக்கறப்போ விட்டுக்கிட்டே இருங்க. அடக்கி வச்சா கரியமில வாயு சேர்ந்துதான் மூச்சு முட்டும்.

வெண்ணாறு
மன்னை சொன்னது சரி. ஆனா தலையை வேணும்னே அமுக்காதீங்க. நான் அப்படிச் செஞ்சு தோள் முங்கி, மூச்சுக்கு எழும்பவே பாடுபட்டேன். கணுக்காலையும் பாருங்க. முழங்காலை மடக்கி உதைச்சு, பாதம் கொக்கி மாதிரி நின்னா தண்ணியைப் பிடிச்சு இழுக்கும். உதை இடுப்புலேர்ந்து வரணும், சின்னதா இருந்தாப் போதும்.

இதை ஆத்துல பழகாதீங்க. மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா, முகத்தைக் கவுத்துக்கிட்டு ஓட்டத்துல போறது ஆபத்து.

குடமுருட்டி
மூணு வாரம் ஆச்சு. முதல் நாலு நாள் அடியைப் பாக்கவே பயமா இருந்துச்சு, சுவர் எங்கன்னு தெரியாம கை தடுமாறுச்சு. அடிக்கோடு முடியற இடத்துல T மாதிரி குறுக்குக் கோடு இருக்கறதை அப்பதான் கவனிச்சேன். அதைப் பாத்துச் சுவரைத் தொடப் பழகினதும் பயம் விட்டுடுச்சு. நேத்து மிதவை இல்லாம 75 மீட்டர் நிக்காம போனேன். புது வீடியோல இடுப்பு மேல வந்திருக்கு. ஆனா வலப்பக்கம் மூச்சு எடுக்கறப்ப மட்டும் கால் ரெண்டும் விரியுது.

மன்னை
ரொம்ப சந்தோஷம்ணே! முன்னால நீட்டின இடது கை அந்த நேரம் நடுக்கோட்டைத் தாண்டுதா, இல்ல கீழ அமுங்குதான்னு பாருங்க. கை தாங்கலைன்னா கால் விரிஞ்சுதான் சமாளிக்கும். இடது கையைத் தோளுக்கு நேரா நீட்டி, வாய் தண்ணிக்குத் திரும்பற வரைக்கும் அங்கேயே வைங்க. அடுத்த வீடியோவை மகளை முன்பக்கத்துலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க.