ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டிங்குக்கு க்ளையன்ட் பிடிக்கறது எப்படி? கோவைல இருந்து உதவி வேணும்

மருதமலை_எழுத்து:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. இங்க ஒரு விளம்பர ஏஜென்சில காப்பிரைட்டரா, அதாவது விளம்பர வாசகம் எழுதறவனா, இருந்துட்டு இப்ப தனியா பண்றேன், தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் எழுதுவேன், ப்ரோஷர், வெப்சைட், ஃபேஸ்புக் ஆட், ரேடியோ ஸ்பாட் எல்லாம் பழக்கம். ஃபைவர்ல (ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கற வெப்சைட்) "இந்த வேலை பண்ணித் தருவேன்"னு கிக் போட்டாச்சு, லிங்க்ட்இன்ல "ஓப்பன் டு வொர்க்" போட்டாச்சு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விடாம வைக்கறேன். ஆனா வர்றவங்க எல்லாம் "வார்த்தைக்கு 40 பைசா, ஓகேவா"ன்னுதான் ஆரம்பிக்கறாங்க. ஏஜென்சில எழுதினதை வெளிய காட்டக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கறதால போர்ட்ஃபோலியோவும் (க்ளையன்ட்டுக்குக் காட்டற வேலைத் தொகுப்பு) காலி. லோக்கல் கம்பெனிங்ககிட்ட எப்படி போய் நிக்கறது, யாராவது விவரமா சொல்லுங்க ப்ளீஸ், சேமிப்பை வச்சுத்தான் ஓடிட்டு இருக்கு.

பனியன்_கம்பெனி:
நான் எழுதறவன் இல்லைங்க, எழுத ஆள் தேடறவன், திருப்பூர். "கன்டென்ட் ரைட்டர், ப்ளாக், எஸ்இஓ, சோஷியல் மீடியா எல்லாம் பண்ணுவேன்"னு எப்பவும் யாராவது மெசேஜ் போட்டுட்டே இருப்பாங்க, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா யாரைக் கூப்பிடறது? ஒரு பொண்ணு மட்டும் எங்க குழந்தைங்க பனியன் பக்கத்தைப் பார்த்துட்டு, "100% காட்டன், 160 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கீங்க சார், வாங்கற அம்மாவுக்கு ஜிஎஸ்எம்னா துணியோட கனம்னு தெரியாது, கழுத்துல லேபிள் குத்துமா குத்தாதாங்கறதுதான் கவலை, உங்க பனியன்ல லேபிளே இல்லை பிரிண்ட்தான், அதை எங்கயும் சொல்லலையே"ன்னு எழுதி, கீழ நாலு வரி புதுசா எழுதி அனுப்புச்சு. அன்னிக்கே கூப்பிட்டுட்டேன். பிரிண்ட் அடிக்கறது நாங்கதான், ஆனா அதைச் சொல்லி விக்கலாம்னு எங்களுக்குத் தோணவே இல்லை. இப்ப எல்லாம் அந்த பொண்ணுதான் எழுதுது, தெரிஞ்ச கம்பெனிக்கெல்லாம் நானே நம்பர் குடுத்துட்டு இருக்கேன்.

பழைய_காப்பி:
மேல அண்ணன் சொன்னதுதான் சரியான வழி சகோ. "நான் எழுத்தாளர்"னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க, அவங்க சரக்கைப் பத்தி பேசுங்க. கோவைல இருந்துட்டு எதுக்கு எல்லாத்தையும் தொடணும், பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் இதுல ஒண்ணை எடுத்துக்கோங்க. டில்டிங் கிரைண்டர் ப்ரோஷர் எதையாவது எடுத்துப் பாருங்க, "நவீன தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்ட உயர்தரத் தயாரிப்பு"ன்னு இருக்கும், அது மிக்ஸிக்கும் பொருந்தும் ஃபேனுக்கும் பொருந்தும். "மாவை அள்ள வேண்டாம், சாய்ச்சா பாத்திரத்துல விழும்"னு எழுதிக் காட்டுங்க, ஓனருக்கு வித்தியாசம் ஒரு நொடில புரியும். இந்த மாதிரி மூணு எழுதி மேல "மாதிரி"ன்னு தெளிவா போட்டு வச்சா அதுதான் உங்க போர்ட்ஃபோலியோ, பழைய ஏஜென்சி வேலை எதுவும் தேவையில்லை.

எங்க போய் பிடிக்கறதுன்னா, அவினாசி ரோடு கொடிசியா வளாகத்துல தொழில் கண்காட்சி நடக்கறப்ப போயிடுங்க. சின்ன கம்பெனி ஸ்டால்ல ஓனரே நிப்பார். கூட்டமா இருக்கும்போது பேச்சு குடுக்காதீங்க, ப்ரோஷரும் விசிட்டிங் கார்டும் வாங்கிட்டு வந்து, ராத்திரியே அதுல ஒரு பக்கத்தை திருத்தி அவர் நம்பருக்கே அனுப்பிடுங்க, ஆபீஸ் பொது மெயிலுக்கு அனுப்பினா யாரும் பார்க்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ஜவுளிக்கடை நகைக்கடைன்னா சீசன் பார்த்துப் போகணும். ஆடித் தள்ளுபடி பேனர் ஏறினதுக்கப்புறம் போய் நின்னா யாரும் பேச மாட்டாங்க, வைகாசிலயே கேக்கணும்.

வீட்லிருந்து_வேலை:
லிங்க்ட்இன் பத்தி ஒரு விஷயம். "ஓப்பன் டு வொர்க்" வேலை தேடறவங்களுக்கானது, அதைப் பார்த்தா எச்ஆர்தான் வருவாங்க. அதை எடுத்துட்டு ப்ரொஃபைல்ல சர்வீசஸ் பகுதியை ஆன் பண்ணுங்க, பேருக்குக் கீழ வர்ற வரில "பம்பு, கிரைண்டர் கம்பெனிகளுக்கு தமிழ் இங்கிலீஷ் விளம்பரம், ப்ரோஷர்"னு நேரா போடுங்க. ஃபைவரை மூட வேண்டாம், ஆனா சம்பாதிக்கறதுல 20 சதவீதம் அவங்க எடுத்துக்குவாங்க, அதையும் சேர்த்து ரேட் வைங்க. அப்புறம் மும்பை, பெங்களூர் ஏஜென்சிகளுக்கு எழுதிப் பாருங்க, ஹிந்தில யோசிச்ச விளம்பரத்தை தமிழ்ல உயிரோட கொண்டு வர அவங்களுக்கு ஆள் வேணும். டிவில வர்ற பாதி தமிழ் விளம்பரத்தைக் கேட்டா எனக்கு வயிறு எரியுது.

ஈரோடு_மஞ்சள்:
தம்பி, ஒண்ணு மட்டும் அக்கா சொல்றேன். மாதிரிங்கற பேர்ல முழு வெப்சைட்டையும் ஓசில எழுதிக் குடுத்துடாதீங்க. ஒரு பத்தி, அவ்வளவுதான். "இன்னும் நாலு பக்கம் பண்ணிக் காட்டுங்க, பிடிச்சா தர்றோம்"னா அங்கயே ரேட் பேசிடணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் எழுதிக் குடுத்ததை எல்லாம் அப்படியே அச்சடிச்சுட்டு, ஃபோனைக்கூட எடுக்கலை ஒரு கம்பெனி.

மருதமலை_எழுத்து:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பழைய காப்பி அண்ணா, நீங்க சொன்ன மாதிரி சில கிரைண்டர் கம்பெனிக்கு அவங்க பக்கத்துலயே ஒரு பத்தியைத் திருத்தி அனுப்பினேன். ஒருத்தர் கூப்பிட்டு "ப்ரோஷர் முழுசுக்கும் என்ன ஆகும், எழுதி அனுப்புங்க"ன்னார். வார்த்தைக் கணக்குல போடறதா, மொத்தமா போடறதா?

பழைய_காப்பி:
மொத்தமா போடுங்க. "மாவை அள்ள வேண்டாம்" ரெண்டு வார்த்தையோ மூணோ, அதுக்கு 40 பைசா கணக்கு போட முடியுமா? தமிழ், இங்கிலீஷ் தனித்தனி ரேட், ரெண்டு தடவை திருத்தம் இதுக்குள்ள, அதுக்கு மேல போனா தனின்னு எழுதுங்க. பாதி முன்பணம், மீதி ஃபைனல் ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி. அனுப்பறதுக்கு முன்ன இங்க போடுங்க, தொகையை மறைச்சுட்டு, பார்த்துச் சொல்றேன்.