காண்டோர் 2 + எக்ஸ்சிசோர்: போன்ல மேப் பெரம்பூரை விட்டு நகர மாட்டேங்குது, காத்தும் தலைகீழா காட்டுது

பெரம்பூர்_பருந்து:

வணக்கம் மக்களே. காண்டோர் 2ல (இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டற சிமுலேட்டர்) ஸ்லோவேனியா லேண்ட்ஸ்கேப், லெஸ்ஸே ஏர்ஃபீல்டுல இருந்து ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் கிளைடர் ஓட்டிட்டு இருக்கேன். காக்பிட்டுக்குள்ள வர்ற பிடிஏ (வழிகாட்டற குட்டிக் கம்ப்யூட்டர்) என் லேப்டாப் ஸ்கிரீன்ல தீப்பெட்டி சைஸ்தான், ஒரு எழுத்தும் தெரியல. வீட்ல சும்மா கெடந்த பழைய ஆண்ட்ராய்டு போன்ல எக்ஸ்சிசோர்ங்கற கிளைடர் நேவிகேஷன் ஆப்பை ஏத்தி, லேப்டாப்போட ப்ளூடூத்ல சேத்துட்டேன். விண்டோஸ் ப்ளூடூத் செட்டிங்ஸ்ல இன்கமிங் காம் போர்ட் ஒண்ணு உண்டாக்கி, காண்டோர் செட்டப்ல என்எம்இஏ (ஜிபிஎஸ் கருவிங்க டேட்டா அனுப்பற வரி வடிவம்) அவுட்புட்டை ஆன் பண்ணி அந்த போர்ட்டைக் குடுத்தாச்சு. எக்ஸ்சிசோர்ல டிவைஸ் பி-யில லேப்டாப், டிரைவர் எல்எக்ஸ் (நிஜ கிளைடர் கருவி பிராண்ட்). மானிட்டர்ல பாத்தா எல்எக்ஸ்டபிள்யூபி0-ன்னு வரி ஓடுச்சு, அதனாலதான் எல்எக்ஸ்.

பிரச்சினை என்னன்னா, நான் ஆல்ப்ஸ் மேல சுத்திட்டிருக்கேன், போன்ல கிளைடர், பெரம்பூர் ரயில்வே லோகோ ஒர்க்ஸ் பக்கத்துல எங்க தெரு மேலயே நிக்குது. ஜன்னல் ஓரத்துல இருந்து போனைத் தள்ளி வெச்சா திடீர்னு ஸ்லோவேனியா போகும், கொஞ்ச நேரத்துல வீட்டுக்குத் திரும்பிடும். அப்படிப் போற நேரத்துலயும் காத்து அம்புக்குறி விண்ட்சாக்குக்கு (காத்து திசை காட்டற துணிப்பை) நேர் எதிரா காட்டுது. ஃபைனல் கிளைடு (ஏர்ஃபீல்டு வரைக்கும் வர உயரம் போதுமாங்கற கணக்கு) ப்ளஸ்ல இருக்குன்னு நம்பி வந்தா ரன்வேக்கு முன்னாடியே வயல்ல உக்கார வேண்டியிருக்கு. யாராச்சும் சொல்லுங்களேன்.

நைட்ஷிஃப்ட்_தரமணி:

ப்ரோ, முதல் மேட்டர் சிம்பிள். ஆண்ட்ராய்டுல எக்ஸ்சிசோர் டிவைஸ் ஏ-ல போனோட சொந்த ஜிபிஎஸ்ஸை வெச்சிருக்கும். ஏ-க்குத்தான் முதல் மரியாதை, அது சிக்னல் இல்லாம படுத்தாதான் பி-யைக் கேக்கும். ஜன்னலை விட்டுத் தள்ளினா ஸ்லோவேனியா போறது அதனாலதான். கான்ஃபிக், டிவைசஸ் போய் உள் ஜிபிஎஸ்ஸை டிசேபிள் பண்ணிட்டு லேப்டாப்பை ஏ-ல போடுங்க. ஆப் திறக்கும்போது கேக்கற எடத்துல ஃப்ளை தான் அமுக்கணும். நாம ஓட்டறது சிமுலேட்டர் ஆச்சேன்னு சிமுலேட்டரை அமுக்கினா வெளி டேட்டாவையே எடுக்காது. காத்து மேட்டர் எனக்குத் தெரியல, பெரியவர் வந்து சொல்லுவார்.

வேரியோ_மாம்பலம்:

வந்துட்டேன். தம்பி, உன் ரெண்டாவதும் மூணாவதும் ஒரே வியாதி. டிரைவரை மாத்து. லிஸ்ட்ல காண்டோர் சோரிங் சிமுலேட்டர்னு தனியாவே இருக்கு பாரு.

காண்டோர் அனுப்பறதுல ஜிபிஜிஜிஏ, ஜிபிஆர்எம்சி ரெண்டும் எந்த ஜிபிஎஸ்ஸும் சொல்ற சமாச்சாரம்: எங்க இருக்க, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு வேகம். ஏர்ஸ்பீடு, வேரியோ (ஏறுற, இறங்குற வேகம்), காத்து மூணும் வர்றது எல்எக்ஸ்டபிள்யூபி0 வரியில. எல்எக்ஸ் கருவிங்க பேசற அதே வரிங்கறதால எல்எக்ஸ் டிரைவர் போட்டாலும் வேலை செய்யற மாதிரியே இருக்கும். வம்பே அங்கதான். காத்து எங்கிருந்து வீசுதுன்னு சொல்றதுதான் ஊர் வழக்கம். காண்டோர் 2 அது எங்க போகுதுன்னு அனுப்புது. காண்டோர் டிரைவருக்கு இது தெரியும், 180 டிகிரி திருப்பிப் போட்டுக்கும். எல்எக்ஸ் டிரைவர் வந்ததை அப்படியே நம்பும்.

இதனால எவ்வளவு அடி வாங்குவேன்னு கணக்குப் போட்டுப் பாரு. லெஸ்ஸேக்கு 20 கிலோமீட்டர் இருக்கு, 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற, எதிர்காத்து 20ன்னு வெச்சுக்கோ. சிர்ரஸ் அந்த வேகத்துல செகண்டுக்கு முக்கால் மீட்டர் கிட்ட இறங்கும். தரை வேகம் 80, அப்ப 15 நிமிஷம், 675 மீட்டர் உயரம் செலவு. உன் போன் அதையே பின்காத்துன்னு நெனச்சுக்கிட்டு தரை வேகம் 120, 10 நிமிஷம், 450 மீட்டர் போதும்னு சொல்லும். இடையில 225 மீட்டர் காணோம். வயல்ல உக்காராம என்ன பண்ணுவ?

இன்னும் சிலது. மெக்ரெடி எண்ணை (அடுத்து கெடைக்கற மேலேறும் காத்து எவ்வளவு தூக்கும்னு நாம குடுக்கற எண்) காக்பிட் பிடிஏ-ல மாத்தினா போனுக்குத் தெரியாது, ரெண்டு எடத்துலயும் நீயேதான் மாத்தணும். எடைக்காகத் தண்ணி ஏத்திக்கிட்டுக் கெளம்பினா அதையும் போன்ல சொல்லணும். போலார்ல (எந்த வேகத்துல எவ்வளவு இறங்கும்ங்கற கணக்கு) ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் எடுத்திருக்கியான்னும் பாத்துக்கோ, வேற கிளைடர் போலார் இருந்தா மத்ததெல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அரைவல் ஹைட்டை (ஏர்ஃபீல்டு வந்து சேரும்போது மிச்சம் இருக்க வேண்டிய உயரம்) 200, 300 மீட்டர்ல வை. ஜீரோல வெச்சுட்டு நூல் பிடிச்சு வர்றதெல்லாம் போட்டிக்காரங்க வேலை.

மேப் ஃபைல்ல டெரெய்ன் (நிலத்தோட உயர விவரம்) இருக்கணும், இதைப் பல பேர் விட்டுடறாங்க. டிரிக்லாவ் (2864 மீட்டர்) பக்கம் இருந்து திரும்பும்போது நடுவுல போக்ல்யூகா பீடபூமி நிக்குது. டெரெய்ன் இல்லாத மேப்ல எக்ஸ்சிசோர் அதை வெறும் வெட்டவெளியாவே நெனச்சுக் கணக்குப் போடும். டர்ன்பாயின்டுக்கு (வழியில சுத்தித் திரும்பற புள்ளி) அலைய வேண்டாம். காண்டோர் லேண்ட்ஸ்கேப் ஃபோல்டருக்குள்ளயே கப் ஃபைல் இருக்கு, அதைப் போனோட எக்ஸ்சிசோர்டேட்டா ஃபோல்டர்ல போட்டு வேபாயின்ட் ஃபைலா தேர்ந்தெடு.

நைட்ஷிஃப்ட்_தரமணி:

சார், ஒரு சந்தேகம். உள்ளயே பிடிஏ ஃபைனல் கிளைடு காட்டும்போது வெளிய இன்னொண்ணு வெச்சுக்கறது ஏமாத்து வேலை இல்லையா? ஆன்லைன் ரேஸ்ல சில பேர் முறைக்கறாங்க.

வேரியோ_மாம்பலம்:

நிஜப் போட்டியிலயே காக்பிட்ல இது மாதிரி ஒண்ணு ஓடத்தான் செய்யுது, இதுல ஏமாத்து எங்கிருந்து வந்தது? ரேஸ் நடத்தறவங்க வேண்டாம்னு சொன்னா அணைச்சு வை, அவ்வளவுதான். தெர்மல் (மேல ஏறுற சூடான காத்து) எங்க இருக்குன்னு எக்ஸ்சிசோருக்கு முன்கூட்டித் தெரியாது. நீ சுத்தி முடிச்ச தெர்மலைத்தான் அதுவும் குறிச்சு வைக்கும். தேடறது உன் பாடு.

நான் புனே ஹடப்சர்ல வின்ச்ல (கயிறு கட்டி இழுத்துத் தூக்கற மெஷின்) ஏறிப் பறந்தவன். அங்க எனக்கு இருந்ததெல்லாம் ஒரு வேரியோ, காக்பிட் கண்ணாடில ஒட்டின கம்பளி நூல் (கிளைடர் பக்கவாட்டுல சறுக்குதான்னு காட்டும்), பின்சீட்ல இருந்து வர்ற திட்டு. அந்தக் கண்ணோட சொல்றேன், இந்த சாஃப்ட்வேரைப் பழக சிமுலேட்டர்தான் சரியான எடம். தெர்மல்ல சாய்ஞ்சு சுத்தும்போது மெக்ரெடி மெனு எங்கன்னு தேடிட்டிருந்தா நிஜத்துல பக்கத்துல சுத்தறவன் மேல போய் இடிப்ப. இங்க இடிச்சா மறுபடி ஏறலாம். அந்த மெனுவைக் கை தானா போய் தொடற வரைக்கும் பழகு. சுத்தற நேரத்துல நூலைப் பாரு, போனைப் பாக்காத. மூணு ஸ்கிரீன் வெச்சு ஓட்டற பசங்களைப் பாத்திருக்கேன், கிளைடர் பக்கவாட்டுல சறுக்கறது ஒருத்தனுக்கும் தெரியறதில்ல.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:

எங்க வீட்ல ப்ளூடூத் அடிக்கடி அறுந்து போச்சு, வைஃபைக்கு மாறிட்டேன். காம்0காம்-னு ஒரு இலவச ப்ரோக்ராம், அது ஒரு ஜோடி பொய் காம் போர்ட் உண்டாக்கும். ஒரு முனையில காண்டோர் எழுதும், மறுமுனையில இருந்து காம்2டிசிபி எடுத்து வைஃபைல விடும். எக்ஸ்சிசோர்ல போர்ட்டா டிசிபி கிளையன்ட் போட்டு லேப்டாப் ஐபியும் போர்ட் நம்பரும் குடுத்தா போதும். விண்டோஸ் ஃபயர்வால் கேக்கும்போது அலவ் பண்ணுங்க. ஐபி மாறாம இருக்க ரவுட்டர்ல லாக் பண்ணிட்டா இன்னும் நிம்மதி. புது விண்டோஸ்ல காம்0காம் டிரைவர் கையெழுத்து இல்லன்னு அடம் பிடிக்கும், கையெழுத்து போட்ட வெர்ஷனா பாத்து இறக்குங்க. கரன்ட் கட்டுல ரவுட்டர் போனா கிளைடரும் போச்சு, அதுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.

பெரம்பூர்_பருந்து:

ரொம்ப நன்றி சார், நன்றி ப்ரோ. உள் ஜிபிஎஸ்ஸை அணைச்சு, டிரைவரை மாத்தி, டெரெய்ன் மேப்பும் போட்டாச்சு. அம்புக்குறி விண்ட்சாக்கோட ஒத்துப் போகுது. போஹின் ஏரி மேல இருந்து அரைவல் 250 வெச்சு வந்தேன், ஏர்ஃபீல்டைச் சுத்தி சர்க்யூட் அடிச்சு இறங்க உயரம் மிச்சம் இருந்துச்சு. போன்தான் தொட்டா சுடுது, சார்ஜ்ல போட்டுக்கிட்டே ஓட்டறதாலயா? அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்ல வர்ற எல்எஸ்8 கிளைடருக்கும் இதே வழி ஆகுமா?

வேரியோ_மாம்பலம்:

சார்ஜும் ஃபுல் பிரைட்னஸும் சேந்தா சுடத்தான் செய்யும். வெளிச்சத்தைக் கொற, ஃபேன் காத்து படற எடத்துல வை. மைக்ரோசாஃப்ட்ல காண்டோர் மாதிரி என்எம்இஏ-வுக்குன்னு பட்டன் கெடையாது. சிம்கனெக்ட்ல (அந்த சிமுலேட்டர் வெளி ப்ரோக்ராமோட பேசற வழி) இருந்து டேட்டாவை எடுத்து என்எம்இஏ-வா மாத்தித் தர நடுவுல ஒரு தனி ப்ரோக்ராம் ஓடணும். போன் பக்கம் செட்டிங்ஸ் கிட்டத்தட்ட இதேதான், ஆனா டிரைவர் அந்த ப்ரோக்ராம் என்ன வரி அனுப்புதுங்கறதைப் பொறுத்தது. மானிட்டர்ல ஓடற வரியைக் காப்பி பண்ணித் தனி இழையில போடு, பாத்துச் சொல்றேன்.