பிளாஸ்மாப் பௌதிகத்தில பேராசிரியர் ஆகிறதுக்கு எங்க தொடங்கிறது? (நாலாம் வருட ஆய்வு பற்றியும்)

திருநெல்வேலி_மாணவன்:
யாழ் பல்கலையில பௌதிகவியல், மூண்டாம் வருடம். வாற வருட ஆய்வுக்குப் பிளாஸ்மா எடுக்க விருப்பம். கிடைக்கக்கூடியது: இரண்டு கட்ட ரோட்டரிப் பம்பி, பிரானி அமுக்கமானி, 1 கிலோவோல்ற் நேரோட்ட வழங்கி, 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பைரெக்ஸ் குழாய். மின்வாய்களுக்கு இடையில 15 சென்ரிமீற்றர். இதில லாங்மியூர் புரோப் (பிளாஸ்மாவுக்குள்ள வச்சு அதின்ர வெப்பநிலை, அடர்த்தி அளக்கிற சின்னக் கம்பி) வச்சு உருப்படியான அளவீடு எடுக்கலாமோ? மற்றது, இந்தியப் பிளாஸ்மாப் பௌதிகவியலாளர் பிரெதிமன் காவ் போல ஆக்கள் எந்த வழியால போனவை? டோகமாக் (அணு இணைவுக்காகப் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால அடைச்சு வைக்கிற இயந்திரம்) இல்லாத நாட்டில இருந்து இந்தத் துறைக்குள்ள போகேலுமோ?

சுன்னாகம்_65:
தம்பி, முதல்ல காவின்ர கதை. 1948இல ஸ்ரீநகரில பிறந்தவர். டெல்லி ஐ.ஐ.ரி.யில கலாநிதிப் பட்டம் எடுக்கேக்க வயசு 18. அதோட உங்களை ஒப்பிட்டுப் பாக்கிறதில பிரயோசனம் இல்லை. பிறகு நடந்ததைப் பாருங்கோ: பிரின்ஸ்ரனில பிளாஸ்மாப் பௌதிகவியலாளர் ஜோன் டோசனோட வேலை, 1971இல அகமதாபாத், 1975இல திரும்பப் பிரின்ஸ்ரன், 1982இல திரும்பி வந்து பிளாஸ்மாவுக்கெண்டு தனித் திட்டம். அது 1986இல காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமாச்சு. 1989இல ஆதித்யா டோகமாக் ஓடிச்சு. அவர் கோட்பாட்டுக்காரர், ஆனா அவர் தலைமை தாங்கின நிறுவனம் இயந்திரத்தை உள்நாட்டிலயே கட்டிச்சு. கோட்பாடோ பரிசோதனையோ எண்டு இப்பவே ஒரு பக்கம் சாயத் தேவையில்லை.

விண்ணப்பிக்கேக்க துறையின்ர பேரில ஏமாறாதேங்கோ. சுவீடன்காரர் அல்வேன் பிளாஸ்மா வேலைக்கு 1970இல பௌதிக நோபல் எடுத்தவர், ஆனா அவர் ஸ்ரொக்ஹோமில மின் பொறியியல் பக்கத்துப் பேராசிரியர். பிரின்ஸ்ரனில பிளாஸ்மாக் கலாநிதிப் படிப்பு வானியற்பௌதிகத் துறைக்குக் கீழ வரும். பௌதிகத் துறைக்கு அனுப்பினா விண்ணப்பம் வேற மேசைக்குப் போயிடும். அமெரிக்காவில நாலு வருட ஹொனர்ஸ் பட்டத்தோட நேராக் கலாநிதிக்குப் போகலாம், முதுமாணி கட்டாயமில்லை. படிப்புக் கட்டணத்தையும் மாதப் படியையும் பெரும்பாலும் துறையே பாத்துக்கொள்ளும்.

டோகமாக் இல்லாத நாடுகளுக்கு வழி காட்டினவர் அப்ப மலாயாப் பல்கலைப் பேராசிரியரா இருந்த சிங் லீ. 1985–86இல கோலாலம்பூரில ஐ.நா. பல்கலைக்கழகப் பயிற்சிக்காக அவர் வடிவமைச்ச பிளாஸ்மாக் குவிப்பானுக்கு (மின்துடிப்பால பிளாஸ்மாவை ஒரு புள்ளியில நெருக்கிற சின்ன இயந்திரம்) 30 மைக்ரோபரட், 15 கிலோவோல்ற் கொள்ளளவி ஒண்டே ஒண்டுதான். அதில சேருற சக்தி, ½CV² போட்டா, ஏறக்குறைய 3.4 கிலோயூல். இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, தாய்லாந்து எண்டு பல இடங்களில இதை வச்சு ஆய்வுக் கட்டுரைகள் வந்தது. நாலாம் வருடத்தில இதைக் கட்ட வெளிக்கிடாதேங்கோ, அந்தக் கொள்ளளவி ஒரு பிழையைக்கூட மன்னிக்காது. ஆனா அவரின்ர கணிப்பு மாதிரி எக்செல் தாளில ஓடும். அளந்த மின்னோட்ட வளையியோட பொருந்துமட்டும் நாலு காரணிகளை (அச்சுத் திசை, ஆரைத் திசை ஒவ்வொண்டுக்கும் திணிவுக் காரணி ஒண்டு, ஓட்டக் காரணி ஒண்டு) மாத்தவேணும். மடிகணினி போதும்.

வெற்றிடப்பம்பி:
புரோப் பற்றி நான் சொல்லுறன். செய்யலாம், ஆனா தனிப் புரோப்பை விட்டுட்டு இரட்டைப் புரோப் போடுங்கோ. தனிப் புரோப் இலத்திரன் பக்கத்துக்குப் போகேக்க பெரிய ஓட்டத்தை இழுத்து இப்பிடி ஒடுங்கின குழாயில பிளாஸ்மாவையே குழப்பும். இரட்டைப் புரோப்பில ஓட்டம் அயன் நிரம்பலைத் தாண்டாது.

முதல்ல வாயுவும் அமுக்கமும். ஆகனுக்குப் பாஷன் வளையியின்ர (வாயுவில மின்னிறக்கம் தொடங்கத் தேவையான வோல்ற்றைக் காட்டிற வளையி) இழிவு 137 வோல்ற், அமுக்கம் × இடைவெளி 0.9 ரொர்·சென்ரிமீற்றரில வரும் (வளிக்கு 327 வோல்ற், 0.567இல). உங்கட 15 சென்ரிமீற்றருக்கு 0.1 மில்லிபாரில 1.1 ரொர்·சென்ரிமீற்றர் வரும், நல்ல இடம். சமாந்தரத் தட்டுக்குரிய எண் இது. ஒடுங்கின குழாயில சுவர் இழப்பால கூட வோல்ற் வேணும், ஆனா 1 கிலோவோல்ற் தாராளம். 0.5 மில்லிபாருக்கு ஏத்தாதேங்கோ: அயனின்ர மோதலிடைத் தூரம் 0.08 மில்லிமீற்றருக்கு இறங்கி, மோதலில்லா உறைக்கு (உறை எண்டது புரோப்பைச் சுத்தி வாற மெல்லிய மின்னேற்றப் படை) எழுதின சூத்திரங்கள் பொருந்தாமப் போகும். 0.1இல அது 0.4 மில்லிமீற்றர்.

தொடரில 47 கிலோஓம் கட்டாயம். இல்லாட்டி ஒளிர்விறக்கம் மின்வில்லாக மாறி வழங்கியைக் கொண்டுபோயிடும். குழாயில 400 வோல்ற் நிண்டா ஓட்டம் 13 மில்லியம்பியர் அளவில், தடையில 8 வாற்று. 20 வாற்றுக் கம்பிச் சுற்றுத் தடை வாங்குங்கோ. அனோட்டைப் புவியிடுங்கோ, கதோட்டு மறையில இருக்கட்டும். அப்ப புரோப்பும் மீற்றரும் புவி அழுத்தத்துக்குக் கிட்ட நிக்கும். மறுவளமாக் கட்டினா கையில பிடிக்கிற மீற்றர் நூற்றுக்கணக்கான வோல்ற்றில மிதக்கும்.

புரோப்: 0.2 மில்லிமீற்றர் தங்குதன் கம்பி இரண்டு, வெளியில 5 மில்லிமீற்றர், மிச்சம் அலுமினாக் குழாய்க்குள்ள. இரண்டும் குழாய் அச்சுக்குச் செங்குத்தான ஒரே தளத்தில இருக்கவேணும். 9 வோல்ற் மின்கலம் நாலும் ஒரு அழுத்தப்பிரிகையும் போதும், வளையி ±10 வோல்ற்றுக்குள்ளயே படுக்கும். Te (இலத்திரன் வெப்பநிலை) 2 eV, அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 10⁹ எண்டா ஓட்டம் 0.7 மைக்ரோஅம்பியர்தான். மைக்ரோஅம்பியர் வீச்சை நம்பாமல் 100 கிலோஓமுக்குக் குறுக்கால வோல்ற்று அளங்கோ, 70 மில்லிவோல்ற் வரும். Te = Is ÷ (2 × பூச்சியத்தில சாய்வு), Is எண்டது அயன் நிரம்பல் ஓட்டம்.

மாணவர் அறிக்கைகளில அடர்த்திதான் பெரும்பாலும் பிழைக்கும். மேல சொன்ன எண்களுக்கு டெபாய் நீளம் (பிளாஸ்மா ஒரு மின்னேற்றத்தை மறைக்க எடுக்கிற தூரம்) 0.33 மில்லிமீற்றர், கம்பியின்ர ஆரை 0.1. உறை கம்பியை விடத் தடிப்பு. அதால அயன் ஓட்டம் நிரம்பாமல் ஏறிக்கொண்டே போகும், அயன் ஓட்டத்தில இருந்து அடர்த்தி எடுக்கிற போம் சூத்திரத்தில கம்பியின்ர பரப்பை அப்பிடியே போட்டா அடர்த்தி கூடிக் காட்டும். Te அவ்வளவு கெடாது. அதை நம்பலாம்.

திருநெல்வேலி_மாணவன்:
வெல்டிங் கடை ஆகன் சரிவருமோ? வளையி சமச்சீரா வராட்டி என்ன பிழை?

வெற்றிடப்பம்பி:
வளையி முழுக்க இடமோ வலமோ தள்ளி இருந்தா இரண்டு கம்பியும் ஒரே தளத்தில இல்லை, அச்சு வழி மின்புலம் இடையில ஒரு வோல்ற்றளவு போடுது. இரண்டு பக்க நிரம்பலும் வேற உயரமா இருந்தா பரப்பு சமனில்லை. முதல் நாள் நல்லா இருந்து போகப்போக ஓட்டம் கூடினா, கதோட்டில இருந்து தெறிச்ச உலோகம் அலுமினாவில படிஞ்சு கம்பியோட தொடுத்துட்டுது. அலுமினா வாயில கம்பி தொடாமல் சின்ன இடைவெளி விட்டா தப்பலாம்.

சுன்னாகம்_65:
ரிக் வெல்டிங்குக்கு விக்கிற ஆகன் சரி. மிக் வெல்டிங்குக்கு வாறது காபனீரொட்சைட்டுக் கலவையா இருக்கலாம், சிலிண்டரில என்ன எழுதியிருக்கெண்டு கேட்டு வாங்குங்கோ. பிரானி நைதரசனுக்கு அளவுகோடிட்டது, ஆகனில வாசிப்பை 1.6ஆல பெருக்கினாத்தான் உண்மை அமுக்கம். குழாயைக் கழுவினா கடைசி அலசலுக்குக் கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட சுண்ணக்கல் நிலத்துத் தண்ணி காய்ஞ்சா வெள்ளைப் படலம் விடும். காய்ச்சி வடிச்ச தண்ணியால முடியுங்கோ. பம்பிக்கும் குழாய்க்கும் இடையில கட்டாயம் ஒரு வால்வு வேணும். கரண்ட் நிண்டா அதை உடன பூட்டிப்போட்டு, பம்பிப் பக்கத்துக்கு வளியை விடுங்கோ. இல்லாட்டி பம்பி எண்ணெய் மேல ஏறிக் குழாய்க்குள்ள வந்திடும்.