அம்பாசடர் 1489 சிசி, ஃபியட் 1089 சிசி: ஓட்டத்தில் எது எங்கே ஜெயிக்கும்?

சிசியை வைத்து அம்பாசடர்தான் வேகம் என்று முடிவு கட்டாதீர்கள். அதன் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின் 50 குதிரைத்திறனை ஒட்டித் தரும். வண்டி எடை சுமார் 1,100 கிலோ. ஃபியட் என்று நாம் சொல்லும் பிரீமியர் பத்மினிக்கு ஏறத்தாழ 40 குதிரைத்திறன், எடை 900 கிலோ. டன்னுக்கு இவ்வளவு என்று வகுத்தால் இரண்டும் 45க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சமதளத்தில் ஒருவர் மட்டும் போனால் ஃபியட் பின்தங்காது. ஐந்தாறு பேரும் டிக்கி நிறைய மூட்டையும் ஏறட்டும், அப்போது தெரியும். அம்பாசடருக்கு போர் (சிலிண்டர் விட்டம்) 73, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ.; குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். ஃபியட்டுக்கு 68, 75தான். கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றத்தில் ஃபியட்டை ஒரு கியர் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். திணற விட்டு இறக்கினால் வேகம் திரும்பாது.

*

ஏற்றம் என்றதும் சூட்டையும் சொல்லிவிடணும் சார். ஃபியட் ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) அலுமினியம், பிளாக் (சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பாகம்) இரும்பு. ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளையும், ரெண்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் (அடைப்புத் தகடு) போகும். ரேடியேட்டரில் விடாமல் குமிழி, ஆயில் மூடிக்கு உள்ளே பால் போல வெள்ளை: ரெண்டும் இருந்தால் ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. நேர்ப்பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க, 0.1 மி.மீ. நுழைந்தால் ஃபேஸிங் (ஹெட்டின் பரப்பைச் சமமாகக் கடைவது) போடாமல் புது கேஸ்கெட் வைப்பது தண்டச் செலவு. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹெட் நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. கொதிக்கும் வண்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான்.

*

அம்பாசடர் ஹெட் இரும்பு, சீக்கிரம் வளையாது. அதன் நோய் வேறு. பழைய ஹெட்டில் வால்வு சீட் (வால்வு வந்து அமரும் வளையம்) தனியாகக் கிடையாது, ஹெட்டிலேயே கடைந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்ற பிறகு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வின் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே) 0.015 அங்குலம் வைத்த கொஞ்ச நாளிலேயே குறைந்துவிடும். டேப்பெட் சத்தம் அடங்கியதே என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. வால்வு முழுசாக மூடாமல் கருகுவதற்கு அதுதான் முன்னறிவிப்பு. லேத்தில் கொடுத்து கடின சீட் இறக்கினால் தீர்ந்தது.

*

இன்னொன்று. அம்பாசடரில் ரேக் அண்ட் பினியன் (பல்சக்கரம் பல்தண்டை நகர்த்துவது), ஃபியட்டில் வார்ம் அண்ட் ரோலர் (திருகும் உருளையும்) ஸ்டீயரிங். ஃபியட் ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் உடனே ஸ்டீயரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முறுக்காதீர்கள். முதலில் சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் மூட்டுகளான டை ராட் எண்டையும், அந்தக் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மையும் பாருங்கள். அதிகமாக முறுக்கினால் நேராக வைக்கும் இடத்திலேயே இறுகிக்கொள்ளும், வளைவு முடிந்தாலும் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. அம்பாசடரில் ரேக்கின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கிழிந்தால் மண் புகுந்து ரேக் பல்லைத் தின்றுவிடும். உறையின் விலை அற்பம்.